4×5 கலர் ஃபிலிமை எங்கே கழுவுவது?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு ஃபிலிம் டப்பா இருக்கிறது. திறக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உள்ளே பன்னிரண்டு ஷீட்: எட்டு போர்ட்ரா 160 நெகட்டிவ், பார்த்தால் அப்படியே நிறம் தெரியும் நான்கு எக்டாக்ரோம் இ100 ஸ்லைடு. எல்லாம் ரோலாகச் சுற்றாத, 4×5 அங்குலத் தனித்தனி ஷீட். காரைக்குடிப் பக்கம் மூன்று நாள் அலைந்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வியர்த்து, ஒரு முற்றத்துக்கு இரண்டே ஷீட் என்று எண்ணி எண்ணி எடுத்தவை. ஒரு ஷீட்டின் விலையில் நாலு பேர் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிடலாம் என்பதால் கை தாராளமாக வராது. எடுத்ததுகூடப் பரவாயில்லை. எங்கே கொடுத்துக் கழுவுவது என்பதுதான் சென்னையில் கலர் ஷீட் ஃபிலிம் வைத்திருப்பவர்களின் நிரந்தரத் தலைவலி.

வழிகள் நான்கு: உள்ளூர் லேப், வெளியூர் லேப், வெளிநாட்டு லேப், வீட்டுக் குளியலறை. நான்கிலும் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெகட்டிவை வீட்டில் கழுவுகிறேன். ஸ்லைடை, அதைக் கழுவும் இ-6 முறை வாராவாரம் ஓடுகிற லேப் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே கொடுக்கிறேன். பக்கத்தில் இருக்கிறது என்பதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

தெருமுனை ஸ்டுடியோவை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். மினிலேப் இயந்திரம், ரோலின் நுனியை ஒரு பிளாஸ்டிக் லீடர் அட்டையில் ஒட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் தடங்கள் 35 மிமீ அகலத்துக்கும், சில இயந்திரங்களில் 120 ரோலின் அகலத்துக்கும் அளந்து செய்தவை. நாலு அங்குல அகலத்தில் தனித்தனியாக இருக்கும் ஷீட் அதில் நுழைய வழியே இல்லை. கடைக்காரர் நல்ல மனதோடு “வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம்” என்று சொன்னால் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவிடுங்கள்.

இத்தனை ஆயிரம் சினிமா கழுவிய ஊரில் ஒரு ஷீட் கழுவ வழியில்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் ஜெமினி, பிரசாத் என்று படத்தின் டைட்டிலில் பார்த்துப் பழகிய லேப்களில் ஓடியது வேறு முறை. சினிமா நெகட்டிவுக்கு இசிஎன்-2. அந்த ஃபிலிமின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருந்தது, முதலில் அதைக் கழற்ற வேண்டியிருந்தது. படத்தை வெளிக்கொணரும் திரவமான டெவலப்பர் சுமார் 41 டிகிரியில் மூன்று நிமிடம், அதில் நிறம் உண்டாக்கும் சரக்கு சிடி-3. நம் போர்ட்ராவுக்கு வேண்டியது சி-41. டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி, சரக்கு சிடி-4. சரக்கை மாற்றிக்கொள்ளலாம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த இயந்திரங்கள் ஆயிரம் அடி ரீலை நிறுத்தாமல் இழுப்பதற்காகக் கட்டப்பட்டவை. திரையரங்குகள் டிஜிட்டலுக்கு மாறியபின் அவற்றில் பெரும்பாலானவை நின்றும் போயின. கோடம்பாக்கத்துக் கதவு அப்படி மூடிக்கொண்டது.

அப்படியும் உங்கள் ஊரில் யாராவது “ஷீட்டும் எடுத்துக்கொள்வோம்” என்று சொன்னால், விலை கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எப்படிக் கழுவுகிறீர்கள்? வாரத்தில் எத்தனை கழுவுகிறீர்கள்?

முதல் கேள்விக்கு நான் கேட்க விரும்பும் பதில், தொங்கவிட்டு முக்கும் இயந்திரம். ‘டிப் அண்ட் டங்க்’ என்பார்கள். ஷீட்டை ஹேங்கரில் மாட்டித் தொங்கவிட்டால், இயந்திரம் அதை அப்படியே தூக்கி ஆழமான தொட்டி ஒவ்வொன்றிலும் இறக்கும். ஃபிலிமின் முகத்தை எதுவும் தொடுவதில்லை. மூலையில் கிளிப் கடித்த அடையாளம் மட்டும் இருக்கும், அது படத்துக்கு வெளியே போய்விடும். அதற்கு அடுத்தபடியாக, ஜோபோ போன்ற சுழலும் டிரம். ஜோபோவின் 3010 எக்ஸ்பர்ட் டிரம்மில் ஒரே நேரத்தில் பத்து 4×5 ஷீட் போகும். ஒவ்வொன்றும் தனிக் குழாயில் நிற்பதால் ஒன்றோடொன்று உரசாது. கலக்கல் சீராக இருக்கும். ஆள் கவனமாக இருந்தால் இது முதல் வகைக்குச் சளைத்ததில்லை. மூன்றாவது, உருளைகளுக்கு நடுவே ஷீட்டை நகர்த்திக்கொண்டு போகும் இயந்திரம். உருளை சுத்தமாக இருக்கும்வரை நன்றாகவே வரும். ஒரு மணல் துகள் ஒட்டிக்கொண்டால் அன்று போன எல்லா ஷீட்டிலும் ஒரே இடத்தில் ஒரே கோடு. “டிரேயில் போட்டுக் கையால்” என்று பதில் வந்தால் கறுப்பு வெள்ளையை மட்டும் கொடுங்கள். மூன்றேகால் நிமிடத்துக்குள் ஆறு ஷீட்டை இருட்டில் புரட்டிப் போட்டு, வெப்பத்தையும் கால் டிகிரி நகராமல் காப்பாற்றுவது மந்திரவாதி வேலை.

இரண்டாவது கேள்வியை நம் ஆட்கள் கேட்பதே இல்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம். பெரிய தொட்டியில் இருக்கும் டெவலப்பர், ஃபிலிம் வந்துகொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு ஃபிலிம் போகும்போதும் கொஞ்சம் புதுச் சரக்கு சேரும், பழையது வழிந்து வெளியேறும். ஃபிலிம் வரத்து குறைந்தால் தொட்டி சும்மா நின்று காற்றுப் பட்டுக் கெடும். வேலை இல்லாத லேபில் அதிகக் கவனமாகக் கழுவுவார்கள் என்று நினைப்பது வியாபாரமே ஆகாத ஓட்டலில் சாம்பார் சூடாக இருக்கும் என்று நம்புவது மாதிரி. நல்ல லேபில் கன்ட்ரோல் ஸ்டிரிப் ஓட்டுவார்கள். தயாரிப்பாளரே அளந்து ஒளி காட்டி அனுப்பும் சிறு ஃபிலிம் துண்டு அது. அதைக் கழுவி, ஃபிலிமின் அடர்த்தியைக் காட்டும் டென்சிட்டோமீட்டரில் அளந்தால் தொட்டி எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். “கடைசியாக எப்போது ஸ்டிரிப் ஓட்டினீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். தேதி சொன்னால் உட்கார்ந்து பேசலாம். “அதெல்லாம் கண்ணாலேயே பார்த்துவிடுவோம்” என்றால் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம்.

என் முதல் பத்து கலர் ஷீட்டும் போனது இந்தக் கேள்விகளால் அல்ல, கேட்காத மூன்றாவது கேள்வியால். ஒரு லேபில் டப்பாவைக் கொடுத்தேன். எத்தனை ஷீட் என்று ரசீதில் எழுத வேண்டும் அல்லவா? முன்மேசையில் இருந்தவர் ட்யூப் லைட்டின் கீழே டப்பாவின் மூன்று மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உறையைப் பிரித்து, பத்து என்று சரியாகவே எண்ணினார். நான் பணம் எடுக்கக் குனிந்திருந்தேன். ரோலைத்தவிர வேறு ஃபிலிமை அவர் பார்த்ததே இல்லை, அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்? அதிலிருந்து டப்பாவைச் சுற்றிக் கறுப்பு டேப், மேலே ஷீட்டின் எண்ணிக்கை, ஃபிலிமின் பெயர், கழுவும் முறை, ‘முழு இருட்டில் மட்டும் திறக்கவும்’ என்ற வரி. கூடவே, “இதை யார் திறப்பார்?” என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறேன்.

வெளியூர் லேபுக்கு வருவோம். நான் எந்த லேபின் பெயரையும் இங்கே பரிந்துரைக்கப் போவதில்லை. இந்தத் தொழிலில் இன்று ஓடும் இயந்திரத்துக்கு நாளை ஒரு பம்ப் கிடைக்காமல் போனால் முறையே நின்றுவிடும். மேலே சொன்ன கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். பார்சலில் அனுப்புவதென்றால் கவலை எக்ஸ்ரே அல்ல, வெயில். மெதுவான (ஒளியுணர்வு குறைந்த) ஃபிலிமை வழக்கமான பழைய வகை எக்ஸ்ரேயில் ஓரிரு முறை விட்டால் கண்ணுக்குத் தெரியும் சேதம் வராது. ஆனால் மே மாதத்தில் தகரக் கூரைக் கிடங்கில் நான்கு நாள் கிடந்தால், படம் எடுத்துக் கழுவாத ஃபிலிமின் நிறம் நகரத் தொடங்கும். வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள், சனி ஞாயிறு கிடங்கில் வேகும். முடிந்தால் கையிலேயே கொண்டு போவது மேல். இரவு ரயிலில் ஏறிக் காலையில் பெங்களூரில் இறங்கினால் ஃபிலிமும் வேகாது, லேப்காரர் முகத்தையும் பார்த்த மாதிரி ஆகும். சென்ட்ரலில் பை ஸ்கேனர் இருக்கிறது. டப்பாவைக் கையில் எடுத்துக் காட்டிப் பேசிப் பாருங்கள். மனிதரைப் பொறுத்தது.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலிபோர்னியாவின் சான் கிளெமென்டேயில் உள்ள தி டார்க்ரூம் மாதிரி, தபாலிலேயே ஷீட் வாங்கிக் கழுவும் பெரிய லேப்கள் அங்கே இருக்கின்றன. வேலை சுத்தம், வரத்து அதிகம், தொட்டி எப்போதும் புதிது. ஆனால் நாம் அனுப்புகிற பார்சலின் வழி வேறு. விமானச் சரக்கில் பயன்படும் ஸ்கேனர்கள் கைப்பைக்கானவற்றைவிட மிக வலுவானவை. இப்போது பல விமான நிலையங்களில் கைப்பைக்கும் சிடி (CT) ஸ்கேனர் வந்துவிட்டது. கழுவாத ஃபிலிம் அதில் ஒருமுறை போனாலே மூட்டம் விழக்கூடும் என்று ஃபிலிம் நிறுவனங்களே எச்சரிக்கின்றன. உறவினர் யாராவது போகிறார்கள் என்றால் செக்-இன் பெட்டியில் ஒருபோதும் வைக்கச் சொல்லாதீர்கள். கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். திறந்து காட்டு என்று அதிகாரி கேட்டால் உங்கள் அத்தை மகன் எவ்வளவு நேரம் வாதாடுவார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். போக வர அஞ்சல் செலவையும் சுங்கத் தாள்களையும் சேர்த்தால், பத்துப் பன்னிரண்டு ஷீட்டுக்கு இது கட்டுப்படியே ஆகாது.

மிச்சம் வீடு. இங்கேதான் சென்னைக்கு ஒரு நல்ல காலம் உண்டு, அதை நாம் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை. கறுப்பு வெள்ளைக்கு 20 டிகிரி வேண்டும். அதற்கு இங்கே ஐஸ் கட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். கலருக்கு 38. குளிர்நாட்டில் எழுதிய கையேடுகள் எல்லாம் சூட்டை எப்படிக் காப்பாற்றுவது என்றே கவலைப்படுகின்றன. நமக்கு அறையே 33 டிகிரி. அக்கினி நட்சத்திரத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரை வாளியில் பிடித்துத் தெர்மாமீட்டரை விட்டால் சில நாள் அப்படியே டெவலப்பருக்குச் சரியாக இருக்கும். வெளியே உள்ள வெப்பத்துக்கும் ஃபிலிம் கழுவும் டாங்குக்குள் இருக்க வேண்டிய வெப்பத்துக்கும் ஐந்து டிகிரிதான் வித்தியாசம் என்பதால், மூன்றேகால் நிமிடத்தில் சூடு இறங்க நேரமே இல்லை. நான் முதலில் கொளத்தூர் மீன் சந்தையில் ஒரு தொட்டி ஹீட்டர் வாங்கினேன். அவற்றில் பெரும்பாலானவை 34 டிகிரிக்கு மேல் போகாது என்பது வாங்கியபின்தான் தெரிந்தது. இப்போது பெரிய வாளியில் 39 டிகிரிக்கு வெந்நீர் விளாவி, பாட்டில்களையும் டாங்கையும் அதில் நிற்க வைக்கிறேன். அவ்வளவுதான்.

ஏட்டில் சி-41 டெவலப்பருக்குச் சொல்லியிருக்கும் சலுகை 0.15 டிகிரி. அதைப் படித்துவிட்டுத்தான் பலர் பயந்துவிடுகிறார்கள். அந்தக் கண்டிப்பு டெவலப்பருக்கு மட்டும். அடுத்து வரும் பிளீச், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாம் 24 முதல் 41 டிகிரிவரை எங்கே இருந்தாலும் போதும், நம் குழாய்த் தண்ணீர் அந்த எல்லைக்குள்தான் வரும். டெவலப்பரிலும் அரை டிகிரி தவறினால் என்ன ஆகும்? நிற அடுக்குகள் மூன்றும் கொஞ்சம் வேறுபட்டு வளரும். இருட்டறையில் என்லார்ஜர் வைத்துக் கலர் பிரிண்ட் போடுகிறவருக்கு அது பெரிய தொல்லை. ஸ்கேன் செய்கிறவர்களுக்கு, நெகட்டிவில் ஓரளவு திருத்திக்கொள்ளலாம். நம்மில் அநேகமாக எல்லோரும் ஸ்கேன்தான் செய்கிறோம். அதனால் துணிந்து இறங்கலாம் என்பது என் வாதம்.

டாங்க் எது என்பதில் எனக்குத் தனி விருப்பு வெறுப்பு உண்டு. பேட்டர்சன் மூன்று ரீல் டாங்குக்குள் மாட்டும் மாட்54 என்ற சட்டம் ஆறு ஷீட் பிடிக்கும், ஆனால் ஒரு லிட்டர் சரக்கு கேட்கும். இருட்டில் ஷீட் இடம் மாறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் அதற்கு உண்டு. எனக்கு அப்படி இரண்டு ஷீட் போனது. எஸ்பி-445 டாங்க் நாலு ஷீட்டுக்கு அரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும். கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கும்போது சொட்டாமல் இருக்கக் கொஞ்சம் பழக வேண்டும். நான் அதிலேயே தங்கிவிட்டேன். ஜோபோ இயந்திரம் வாங்கும் வசதி இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பெரிய எதிரி கை வியர்வை. இருட்டில் ஃபிலிம் மாற்ற உதவும் ஒளி புகாத மாற்றுப் பைக்குள் கையை விட்ட ஐந்தாவது நிமிடம் பை ஒரு குட்டிப் புழுக்க அறை ஆகிவிடும். விரல் ஈரம் எமல்ஷனில், அதாவது படம் பதியும் பக்கத்தில் பட்டால் அந்த ரேகை ஆயுளுக்கும் நிற்கும். அதனால் நான் பையை விட்டுவிட்டேன். இரவு பத்து மணிக்குமேல் குளியலறை. கதவின் கீழே துண்டு, ஜன்னலுக்குக் கறுப்பு பிளாஸ்டிக். கீசர் சுவிட்சின் சிவப்பு விளக்கை மறக்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் போட்ட பழக்கத்தில் சிவப்பு வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்று நினைப்போம். கலர் ஃபிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும், அதற்குப் பாதுகாப்பான விளக்கே கிடையாது. ஷீட்டை நெட்டாகப் பிடித்து, வெட்டுக் குறி வலது மேல் மூலையில் இருந்தால் எமல்ஷன் உங்களைப் பார்க்கிறது. அந்த ஒன்றுதான் இருட்டில் வழிகாட்டி.

கடைசிக் கழுவலுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் உப்புப் பூக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் போதும். குளியலறையிலேயே கிளிப்பில் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, காலைவரை திறக்காதீர்கள். காய்கிறதா என்று மின்விசிறி போட்டால் தூசிதான் ஒட்டும். தீர்ந்துபோன ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும், அதைத் தோட்டத்திலோ கிணற்றோரத்திலோ ஊற்றக் கூடாது. எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இனிக் கணக்கு. 36 படம் கொண்ட ஒரு 35 மிமீ ரோலின் பரப்பு ஏறக்குறைய 80 சதுர அங்குலம். ஒரு 8×10 ஷீட்டும் அதேதான். 4×5 ஷீட் அதில் கால் பங்கு. ஆகவே எட்டு ரோலுக்கு என்று அச்சிட்ட ஒரு லிட்டர் கெமிக்கல் கிட் முப்பத்திரண்டு ஷீட்டுக்கு வரும். ஒரு ஷீட்டுக்கு ஒரு ரோலின் கூலி கேட்கும் லேபைக் கொள்ளை என்று திட்டத் தோன்றும். சரக்கை மட்டும் பார்த்தால் உண்மைதான், நாலு மடங்கு. ஆனால் அவர் வாங்குவது சரக்குக்கு அல்ல. இருட்டில் ஒவ்வொரு ஷீட்டாக எடுத்து மாட்டும் கைக்கு. அந்தக் கை நல்ல கையாக இருந்தால் நான் பேரம் பேசுவதில்லை. வீட்டுக் கணக்கில் ஒரு பொறி உண்டு. கலக்கிய டெவலப்பர் நிரம்பிய பாட்டிலில் சில வாரம்தான் தாங்கும். வருடத்துக்கு எட்டு ஷீட் எடுப்பவருக்கு கிட்டில் முக்கால்வாசி சாக்கடைக்குத்தான். அவருக்கு லேபே மலிவு. பதினாறாவது சேரும்வரை ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ஒரே வாரத்தில் நாலு தடவையாகக் கழுவிவிட்டால் வீடு மலிவு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை இரண்டு மணி நேரம் வெளியே வைத்தபின்தான் திறக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்துவிடும்.

ஸ்லைடை ஏன் வீட்டில் கழுவுவதில்லை என்று கேட்கலாம். நெகட்டிவ் மன்னிக்கும், ஸ்லைடு மன்னிக்காது. இ-6 முறையில் முதல் டெவலப்பர் 38 டிகிரியில் ஆறு நிமிடம். கறுப்பு வெள்ளை டெவலப்பர்தான் அது, ஆனால் படம் வெளுப்பதும் இருள்வதும் அந்த ஆறு நிமிடத்திலேயே முடிவாகிவிடும். பிறகு ரிவர்சல், கலர் டெவலப்பர், பிளீச் என்று வரிசை நீள்கிறது, எந்தப் படியிலும் திருத்திக்கொள்ள இடம் கிடையாது. ஸ்லைடின் மதிப்பே லைட் பாக்ஸில் வைத்ததும் அப்படியே தெரிகிற அந்த நிறத்தில்தான் இருக்கிறது, ஸ்கேனில் திருத்தினால் எதற்கு ஸ்லைடு? ஒரு வேலையை வாரம் ஒருமுறையாவது செய்கிற கை வேண்டும், வருடத்துக்கு இருமுறை செய்யும் என் கை போதாது. கோடாக்ரோம் நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். அதைக் கழுவும் கே-14 முறை வீட்டில் அநேகமாகச் செய்யவே முடியாதது. கான்சாஸில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த டுவெய்ன்ஸ் ஃபோட்டோ 2010 டிசம்பர் முடிவில் புது ரோல் வாங்குவதை நிறுத்தி, கையிலிருந்ததை 2011 ஜனவரியில் கழுவி முடித்ததோடு உலகில் எந்த லேபிலும் அந்த முறை இல்லாமல் போயிற்று. இ-6 அந்த அளவுக்குப் போகவில்லை, கிட் கிடைக்கிறது. ஆனாலும் இ-6 ஓட்டும் லேபுக்கு நாலு ஷீட் கொடுப்பதை நான் செலவாகப் பார்ப்பதில்லை. வரத்து இருந்தால்தான் தொட்டி நிற்கும்.

எங்கே கொடுத்தாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஒரே காட்சியை இரண்டு ஷீட்டில் எடுத்து, ஒன்றை முதலில் கழுவிப் பார்த்துவிட்டு, அடுத்ததற்கு நேரத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். நான், பக்கத்துக்கு ஒரு ஷீட்டாகக் கேமராவில் மாட்டும் ஹோல்டரின் இரண்டு பக்கத்திலும் ஒரே முற்றத்தை எடுப்பது அதற்காகத்தான். விலை நினைவுக்கு வரும்போது கை நடுங்கும், ஆனாலும் எடுக்கிறேன்.

இப்போது ஃபிரிட்ஜில் இருக்கும் பன்னிரண்டில் எட்டு போர்ட்ராவும் இந்த வாரக் கடைசியில் குளியலறைக்குப் போகின்றன, எஸ்பி-445 டாங்கில் இரண்டு தடவையாக. நாலு எக்டாக்ரோமையும் இரண்டு இரண்டாகப் பிரித்து, இரண்டு டப்பாவில் டேப் சுற்றியாகிவிட்டது. அடுத்த வாரம் பெங்களூர் ரயிலில் ஒரு டப்பா மட்டும் போகும். அதைக் கழுவிப் பார்த்தபின்தான் இன்னொன்று.